மாமா, நீங்கள் மீனுக்குள் இருக்கிறீர்கள்

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உங்கள் உடம்பைப் பற்றி இப்போது உங்களைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும். உங்கள் டிஎன்ஏவில் பாதிக்குமேல் இரண்டு வாரமாக என் கணினித் திரையில்தான் இருக்கிறது. முடி கொட்டுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. அது உங்களுக்கே தெரிந்த விஷயம். அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை அத்தை கையில் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை தனியாகப் படித்துவிடுவது உங்களுக்கு நல்லது.

முதலில் நல்ல செய்தி. நான் தேறிவிட்டேன்! இரண்டாம் ஆண்டு முடிவில் மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்து, இந்தப் பெண் முனைவர் பட்டத்துக்குத் தொடரலாமா, மூட்டை கட்டலாமா என்று முடிவு செய்யும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? தொடரலாம் என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இந்த வாரத்திலிருந்து நான் முறைப்படி கணினி மரபணுவியல் மாணவி. அது என்ன என்று அம்மா கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: உயிர்களின் டிஎன்ஏவை ஒரு இயந்திரம் கோடிக்கணக்கான துண்டுகளாகப் படித்துக் கொடுக்கும், அந்தத் துண்டுகளைப் புரோகிராம் எழுதிச் சேர்த்துப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது உன் மகளின் வேலை. குழாய் கிடையாது, கையுறை கிடையாது, எதுவும் கீழே சிந்தாது. கடைசிச் செய்தியைக் கேட்டதும் அம்மாவுக்கு நிம்மதியாகிவிடும்.

இந்த இடத்துக்கு நான் நேர்வழியில் வந்து சேரவில்லை. நான் இங்கே சேர்ந்ததே குழாயும் கையுமாக வேலை செய்யத்தான். எங்கள் ஆய்வகம் ஒரு மீனை ஆராய்கிறது. விரல் நீளம்தான் இருக்கும், சாயக் கழிவு கலந்த குட்டையில்கூடச் சாகாமல் நீந்தும். எப்படிச் சாகாமல் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் பேராசிரியையின் பத்து வருட வேலை. அவரை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம். நாலு குட்டைகளிலிருந்து குட்டைக்குப் பன்னிரண்டு வீதம் நாற்பத்தெட்டு மீன்கள். ஒவ்வொன்றின் துடுப்பிலும் ஒரு துணுக்கு வெட்டி, அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்துக் குழாயில் சேர்க்க வேண்டும். அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நீங்கள் எனக்குச் சின்ன வயதில் 'நடுங்கி' என்று பெயர் வைத்தது எவ்வளவு சரி என்று எனக்கே அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. முதல் வாரம் குழாய்களின் மேல் பேனாவால் எண் எழுதி, எழுதியதும் சுத்தத்துக்காக ஆல்கஹாலால் துடைத்தேன். எண்ணெல்லாம் போய், எல்லாக் குழாய்களும் ஒரே மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. மறுவாரம் சுழற்றும் இயந்திரத்தில் ஒரு பக்கம் மட்டும் குழாய்களை வைத்து மூடியை மூடிவிட்டேன். எதிர்ப் பக்கத்திலும் அதே எடைக்கு வைக்க வேண்டும் என்பது அதன் கையேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்ததாம். இயந்திரம் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனது, மேடம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது அவருக்கு நேராகப் போய் நின்றது. மேடம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சனிக்கிழமை நீங்கள் என்னைப் பார்க்க வந்தீர்கள். வாசலில் காவலர் தடுத்ததும் "நானும் லேப்தாம்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்துவிட்டீர்கள். அது பொய்யும் இல்லை, முப்பது வருடமாக இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவர் நீங்கள். ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. மூன்றாம் குட்டையின் பன்னிரண்டு குழாய்களை முன்னால் வைத்துக்கொண்டு நான் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம் பார்த்தீர்கள். உங்களால் பொறுக்க முடியவில்லை.

"என்னடி இது, ஊஞ்சல் மாதிரி ஆடுது கை? தள்ளு அந்தப் பக்கம்."

"மாமா, வெளியாள் தொடக் கூடாது."

"நான் வெளியாளா? உன் மொட்டைத் தலையை மடியில வச்சுப் பிடிச்சிருந்தவன்டி நான்!"

திரவத்தை அளந்து எடுக்கும் எங்கள் பிப்பெட்டைக் கையில் எடுத்து, இரண்டு தடவை அமுக்கிப் பார்த்து, விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட்டீர்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து உங்கள் சொந்தக் கண்ணாடிப் பிப்பெட்டை எடுத்து, ஒரு நுனியைக் குழாயிலும் மறு நுனியை உதட்டிலும் வைத்து, அந்தக் காலத்து வழக்கப்படி வாயால் உறிஞ்சினீர்கள். கோடு வரை ஏறியதும் நாக்கால் நிறுத்துவீர்கள், அடுத்த குழாயில் விடுவீர்கள், அடுத்தது. இருபது நிமிடத்தில் பன்னிரண்டும் முடிந்தது, மேசையில் ஒரு சொட்டு இல்லை. நடுநடுவே என் அப்பாவின் குறட்டையைப் பற்றி ஒரு கதையும் சொன்னீர்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மாமா, அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் வந்த பெருமையை இப்போதும் மறுக்க மாட்டேன்.

திங்கட்கிழமை மேடம் அந்தப் பன்னிரண்டு குழாய்களின் அளவுகளைப் பார்த்துவிட்டு என் மேசைக்கே வந்தார். "இவ்வளவு சீரா இந்த லேப்ல யாரும் எடுத்ததில்ல. கை பழகிடுச்சு போல!" என்றார். ஒன்றரை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், "நன்றி மேடம்" என்றுதான் வந்தது. அதற்கடுத்து நாலாம் குட்டை. நீங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள். பன்னிரண்டில் ஐந்து குழாய்களைக் கொட்டினேன், இரண்டை மாற்றி வைத்தேன். நல்லவேளை துடுப்பில் மிச்சம் இருந்தது, வேறு ஆளை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "போன வாரம் இருந்த கை எங்கம்மா போச்சு?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? கடைசியில், இனி எதையும் தொட வேண்டாம், ஜன்னலோரக் கணினியில் உட்கார்ந்து வருகிற தரவைச் சுத்தம் செய் என்று என்னை மூலைக்கு அனுப்பினார். எல்லோரும் அதைத் தண்டனை என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, முதல் நாள் அந்த மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

கணினியிடமும் நான் மரியாதையாக அறிமுகமாகவில்லை. ஒன்பதாயிரம் சின்ன வேலைகளாகப் பிரித்துச் சர்வருக்கு அனுப்பினால் சீக்கிரம் முடியும் என்று படித்து, அப்படியே அனுப்பினேன். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் ஒரு மின்னஞ்சல் வரும்படி வைக்கலாம் என்றும் படித்தேன். என் முகவரியைப் போடுவதற்குப் பதில் துறை முழுவதற்குமான பொது முகவரியைப் போட்டுவிட்டேன். அன்று மதியம் துறைத் தலைவர் முதல் தோட்ட மேற்பார்வையாளர் வரை எல்லோருக்கும் 'உங்கள் வேலை முடிந்தது' என்று ஒன்பதாயிரம் அஞ்சல்கள் போயின. ஓய்வுபெற இரண்டு மாதமே இருந்த கணக்கு அலுவலர் ஒருவர், அதைப் படித்துவிட்டு முகம் வெளுத்து நேராக நிர்வாக அறைக்குப் போய்விட்டாராம். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மூன்று மாடி ஏறி வந்து, "யாரு அது?" என்று மட்டும்தான் கேட்டார். மூலையில் இருந்த நான் கையைத் தூக்கினேன். "நீ இனிமே என் கண்ணு முன்னாடிதான் உட்கார்ந்து வேலை பார்க்கணும்" என்று இழுத்துக்கொண்டு போய், ஒரு மாதம் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். நான் கேட்பதற்கெல்லாம் எரிந்து விழுவார், ஆனால் பதில் சொல்லிவிடுவார்.

அந்த ஒரு மாதத்தில் எனக்குள் ஏதோ மாறியது, மாமா. என் கை நடுங்குவது கணினிக்குத் தெரியாது. தப்பாக அடித்தால் அழித்துவிட்டுத் திரும்ப அடிக்கலாம், மீனின் துடுப்பைத் திரும்ப வெட்ட வேண்டியதில்லை. நானாக எழுதிய முதல் புரோகிராம் ஓடி, நாற்பத்தெட்டு மீன்களுக்கும் நாற்பத்தெட்டுக் கோடுகளைத் திரையில் வரைந்தபோது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. சர்வர் அக்கா திரும்பிப் பார்த்து, "எதை அழிச்சே?" என்று பதறினார். எதையும் அழிக்கவில்லை அக்கா, வேலை செய்கிறது என்றேன். எனக்கு இதுதான் வேலை என்று அன்றைக்குத் தெரிந்தது, இதற்காக யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போடத் தயாராகிவிட்டேன்.

சண்டையும் உடனே வந்தது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு சீனியர் இருக்கிறார். ஆராய்ச்சி தொடங்குவதற்கு முன்பே கட்டுரைக்குத் தலைப்பு வைத்துவிடுவார், அதனால் அவருக்குத் தலைப்பு அண்ணன் என்றே பெயர். மூன்றாம் குட்டையின் பன்னிரண்டு மீன்களிடம் மட்டும், மற்ற முப்பத்தாறிடம் இல்லாத புது மரபணுக்கள் இருக்கின்றன என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். விஷத் தண்ணீரில் பிழைக்க வைப்பவை அவைதானாம். கணினியில் ஒப்பிட்டுப் பார்த்ததில் அவை மனிதனிடமும் இருக்கின்றன என்று வந்ததும் அவர் கால் தரையில் இல்லை. "மனுஷன்கிட்டயும் இருக்குன்னா, எவ்வளவு முக்கியமான ஜீனா இருக்கணும்!" என்று கட்டுரையை எழுதியே முடித்துவிட்டார். மேடத்தின் பத்து வருடக் கனவு. படம் மட்டும் வரைந்து கொடு என்று என்னிடம் தள்ளினார்கள்.

படம் வரையும்போதுதான் கவனித்தேன். மீனின் உண்மையான மரபணு எதை எடுத்தாலும், அந்த இடத்தை இயந்திரம் சராசரியாக முப்பது தடவை படித்திருக்கிறது. இந்தப் புது மரபணுக்களை மட்டும் அரை தடவை, ஒரு தடவை. மீனின் உடம்பில் பிறந்ததிலிருந்து இருப்பது இவ்வளவு மெலிதாக இருக்க முடியாது. யாரோ அதில் தெளித்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. இரண்டு நாள் புரோகிராம் எழுதி, அந்தத் துண்டுகளை மட்டும் தனியே பிரித்து மனித டிஎன்ஏவோடு வரிசையாக ஒட்டிப் பார்த்தேன். மனிதனைப் 'போல' இல்லை, எழுத்துக்கு எழுத்து மனிதனேதான். அதுவும் ஆண். மூன்றாம் குட்டை, பன்னிரண்டு குழாய், சனிக்கிழமை. உங்கள் கண்ணாடிப் பிப்பெட் ஞாபகம் வந்தது.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பாதி உண்மையைச் சொன்னேன். இது மீன் இல்லை மேடம், மனிதக் கலப்பு என்று படத்தைக் காட்டினேன். தலைப்பு அண்ணன் ஒரு மணி நேரம் கத்தினார், பிறகு முப்பதும் அரையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடம் கத்தவே இல்லை. "யாருன்னு கண்டுபிடி" என்றார். எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்யும் எல்லோருடைய எச்சிலும் இந்த மாதிரி நேரத்துக்கென்றே முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்கும். ஆண்கள் நாலு பேரையும் ஒப்பிட்டேன், ஒருவருக்கும் பொருந்தவில்லை. பதிவில் இல்லாத ஆண் அங்கே ஒரே ஒருவர்தான்: கண்ணாடிச் சாமான்கள் கழுவும் அண்ணன். பதினெட்டு வருடமாக இருக்கிறார், நான் உடைத்ததையெல்லாம் சத்தமில்லாமல் பெருக்கிப் போட்டவர். அவருடைய எச்சிலைச் சோதித்து வரும்வரை காத்திருக்காமல், குழுவின் கூட்டம் முடிந்ததும் அவரைப் பற்றி அலுவலகத்துக்கு எழுதப் போவதாக மேடம் சொன்னார். அவர் என்னிடம் வந்து, "நான் ட்யூப் பக்கமே போனதில்லம்மா, நீயாவது சொல்லேன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு சாப்பிட முடியவில்லை.

சொன்னால் என் கதை முடிந்தது. வெளியாளை உள்ளே விட்டது ஒரு குற்றம், என் வேலையை அவரைச் செய்யவிட்டது இன்னொன்று, எனக்குச் சேராத பாராட்டை வாங்கிக்கொண்டது மூன்றாவது. அதையும் குழுவின் முன்னால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கண்ணாடி கழுவும் அண்ணனின் வேலை போகும். காலையில் கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது உட்கார்ந்து கடைசியாக ஒரு ஒப்பீடு எழுதினேன்: அந்த மர்ம மனிதனும், பதிவில் இருக்கும் நானும்.

கூட்டத்தில் மேடம், பக்கத்துத் துறைப் பேராசிரியர் ஒருவர், வெளியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர். இருபது நிமிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுக் கடைசிப் படத்தைப் போட்டேன். "இவருடைய டிஎன்ஏவில் நாலில் ஒரு பங்கு என்னுடையதோடு ஒத்துப்போகுது. அம்மா வழியா மட்டும் இறங்கி வர்ற பகுதி அப்படியே நூத்துக்கு நூறு ஒத்துப்போகுது. ஆம்பளை. எங்க அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒருத்தர்தான். இது கண்ணாடி கழுவுற அண்ணன் இல்ல. இது என் தாய்மாமா" என்றேன். பிறகு சனிக்கிழமைக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன், நாக்கால் நிறுத்தியது உட்பட.

மேடத்தின் முகம் சிவந்து, கறுத்து, மறுபடி சிவந்தது. முதலில் வாயைத் திறந்தவர் வெளியிலிருந்து வந்த பெரியவர். "வாயாலயா உறிஞ்சாரு? கோட்டுக்கு மேல போகாமயா?" என்றார். ஆமாம் என்றேன். "நாங்கள்லாம் அப்படித்தான்மா உறிஞ்சோம். ஒரு தடவை நான் பாதி முழுங்கியே இருக்கேன்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டும் நிறுத்தவில்லை. பிறகு குரலை மாற்றி, "இவ்வளவு மெலிசான தெளிப்புலேருந்து ஆளு யாருன்னு, உறவு முறை வரைக்கும் எடுத்திருக்கா. உலகத்துல பாதி லேபுக்கு இந்தத் தொல்லை இருக்கு. இதுதான் இவ தீசிஸ். மீனை வேற யாராவது பார்த்துக்கட்டும்" என்றார்.

மேடம் பத்து நிமிடம் திட்டினார். வெளியாளை விட்டதற்கு, மறைத்ததற்கு, அந்தப் பாராட்டுக்கு நன்றி சொன்னதற்கு, வரிசையாக. எல்லாம் நியாயம், தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். தப்பான கட்டுரை வெளியே போயிருந்தால் தன் மானமும் சேர்ந்து போயிருக்கும் என்றும் கடைசியில் அவரே சொன்னார். தீர்ப்பு எழுத்தில் வந்தது: முனைவர் ஆய்வைத் தொடரலாம்; கணினிப் பிரிவுக்கு நிரந்தரமாக மாற்றப்படுகிறார்; படிப்பு முடியும்வரை எந்தக் குழாயையும் தொடக் கூடாது. மாமா, அந்த மூன்றாவது வரியை நான் பெரிய எழுத்தில் அச்சடித்து என் அறையில் ஒட்டியிருக்கிறேன். கண்ணாடி கழுவும் அண்ணனிடம் மேடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் என்னிடம் வந்து என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கையெழுத்துகளைவிட இதுதான் எனக்குப் பெரிது. தலைப்பு அண்ணன் என் புரோகிராமுக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டார். அதன் பெயர் 'மாமா'. இப்போதே பக்கத்து ஆய்வகங்களில் "உங்க டேட்டாவை மாமாகிட்ட காட்டிட்டீங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆகவே என் அருமை மாமா, மூன்று விஷயங்களைக் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, உங்கள் நிலையத்தில் இனி எதையும் வாயால் உறிஞ்சாதீர்கள். நீங்கள் உறிஞ்சுவது ஊரார் இரத்தம். ரப்பர் உறிஞ்சி ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கண்ணாடிப் பிப்பெட்டை இன்றே அத்தையிடம் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். இரண்டு, எங்கள் ஆய்வகம் இருக்கும் தெருப் பக்கம்கூட வராதீர்கள். வாசல் காவலரிடம் உங்கள் படத்தைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்று, இரத்தம் கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் 'என் மருமகள் விஞ்ஞானி' என்று ஊசியோடு சேர்த்துச் சொல்கிறீர்களாமே, அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். நீங்கள் மீனுக்குள் போன கதையை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள் ஆசியும் அத்தையின் ஆசியும் எப்போதும் போல எனக்கு வேண்டும். உங்கள் சர்க்கரை அளவைக் கவனித்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றியும் திரையில் ஒரு வரி பார்த்தேன்.

இப்படிக்கு,
உங்களில் நாலில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரியான,
அன்பு மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மேடம் கூப்பிட்டார். 'மாமா' புரோகிராம் சரியாக வேலை செய்கிறது என்று உலகத்துக்கு நிரூபிக்க வேண்டுமாம். அதற்கு யார், எப்படி, எவ்வளவு கலந்தார் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த குழாய்கள் தேவையாம். வேறு யாருடைய வாயும் சரிப்படாதாம். எனவே மேலே எழுதியதில் ரப்பர் உறிஞ்சியைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். வருகிற திங்கட்கிழமை தவறாமல் புறப்பட்டு வாருங்கள். வாசலில் காவலர் நிறுத்த மாட்டார், 'ஆய்வுத் துணைவர்' என்று உங்கள் படத்தோடு அட்டை தயாராகிவிட்டது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடத்தோடு சேர்ந்து நீங்கள் உள்ளே வருவதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்க்கப் போகிறேன். பிப்பெட்டை அத்தை உடைப்பதற்குள் பிடுங்கிக்கொள்ளுங்கள். கட்டுரையில் உங்கள் பெயரும் அச்சாகிறது, அதனால் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். மேடம் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: அன்று காலை பல் தேய்க்காமல் வர வேண்டும்.